சவுண்ட் கார்டு கதையும் அம்மாவின் நலங்குப் பாட்டும்



போன வாரம் ஆவடி ஸ்டேஷனில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். காலில் விழப் போனவரைப் பிடித்து நிறுத்தி நலம் விசாரித்தேன். "டீச்சர், அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு. அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தரலாம்னு இருக்கேன். பழைய பாட்டு கேக்கணும், படம் பாக்கணும், அவ்வளவுதான். தனியா சவுண்ட் கார்டு வாங்கிப் போடணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. "எழுதி அனுப்புறேன்பா" என்று சொல்லி ஏறிவிட்டேன்.

அவருக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுபோனது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன். எதைக் கேட்டாலும் டீச்சர் வரலாற்றிலிருந்துதான் ஆரம்பிப்பார் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். பதில் கடைசியில் இருக்கிறது. பதிலைவிட முக்கியமான ஒன்று நடுவில் இருக்கிறது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. இன்று நம் மேஜையில் இருக்கும் பெட்டிகளுக்கெல்லாம் அதுதான் மூத்த அண்ணன். அதற்குள் சின்ன ஸ்பீக்கர் ஒன்று உண்டு. 'பீப்' என்று கத்தும். தவறு செய்தால் ஒரு பீப், பெரிய தவறு என்றால் பல பீப். அலுவலகக் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு இசை எதற்கு என்று அன்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் குறையை முதலில் பெரிய அளவில் தீர்த்தது கனடா நாட்டின் கியூபெக் நகரத்து நிறுவனம் ஒன்று. பெயர் ஆட்லிப். தொடங்கியவர் மார்ட்டின் பிரெவெல், லாவல் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தவர். 1987-ல் ஆட்லிப் கார்டு வந்தது. அதில் ஜப்பானின் யமஹா நிறுவனத்தின் சிப் இருந்தது. ஒரே நேரத்தில் 9 குரல்களில் இசைக்கும். ஆனால் அது நிஜமான வாத்தியத்தின் ஒலி அல்ல. ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து, வாத்தியம் போன்ற ஓர் ஒலியை உண்டாக்கும் முறை அது. மணி ஓசை ஓரளவு மணி போலவே கேட்கும். நம் நாகஸ்வரத்தை அதில் வாசிக்கச் சொன்னால் திருவிழாக் கடைப் பீப்பி மாதிரிதான் வரும்.

ஆட்லிப் கார்டால் பாட முடியும். ஆனால் கேட்க முடியாது. மைக்கை இணைக்க அதில் இடமே இல்லை. வாய் இருந்தது, காது இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே இருக்கும் நம் உறவுகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

சிம் வாங் ஹூ என்று ஒருவர். 1955-ல் பிறந்தவர். நீ ஆன் பாலிடெக்னிக்கில் படித்தவர். ஹார்மோனிகா வாசிப்பதில் பிரியம் உள்ளவர். 1981-ல், அந்த முதல் பர்சனல் கம்ப்யூட்டர் வந்த அதே ஆண்டில், சைனா டவுனில் பேர்ல்ஸ் சென்டர் என்ற கட்டடத்தில் சிறிய கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றை நண்பரோடு தொடங்கினார். அதுதான் பின்னாளில் கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1986-ல் பேசவும் பாடவும் தெரிந்த ஒரு கம்ப்யூட்டரையே செய்து விற்றுப் பார்த்தார். பெரிதாக விற்கவில்லை. முழு கம்ப்யூட்டர் வேண்டாம், பேசும் உறுப்பை மட்டும் தனியாக விற்போம் என்று அமெரிக்கா போனார். முதலில் போட்ட கார்டு ஆட்லிப்பிடம் தோற்றது. 1989-ல் அடுத்த கார்டோடு வந்தார். அதன் பெயர் சவுண்ட் பிளாஸ்டர்.

அது ஏன் ஜெயித்தது? முதலாவது, ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சிப்பைத் தானும் வைத்தது. ஆட்லிப்புக்காக எழுதிய விளையாட்டெல்லாம் இதிலும் ஓடும். இரண்டாவது, விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் இணைக்கும் இடத்தையும் சேர்த்தே கொடுத்தது. மூன்றாவதுதான் பெரிய விஷயம். மைக் இணைத்துக் குரலைப் பதிவு செய்யலாம், பதிவு செய்ததைத் திரும்பக் கேட்கலாம். கம்ப்யூட்டருக்கு வாயோடு காதும் வந்தது.

1992-ல் ஆட்லிப் திவாலானது. அதே ஆண்டு கிரியேட்டிவ் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பதிவானது. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. அதே 1992-ல் சவுண்ட் பிளாஸ்டர் 16 வந்தது. ஆடியோ சிடியின் தரத்தில், 16 பிட் ஸ்டீரியோவில் பதிவு செய்யக்கூடிய கார்டு அது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் ஒலியை எப்படிப் பதிவு செய்கிறது? நாம் அட்டெண்டன்ஸ் எடுப்பதைப் போலத்தான். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பெயர் கூப்பிடுகிறோம். நடுவில் ஒருவன் சுவர் ஏறிக் குதித்து ராக்கி தியேட்டருக்கோ முருகன் தியேட்டருக்கோ போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தால் பதிவேட்டில் அது தெரியாது. (யாரென்று நான் சொல்லவில்லை. அவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.) அடிக்கடி பெயர் கூப்பிட்டால்தான் அவன் பிடிபடுவான். ஒலியும் அப்படித்தான். ஒரு நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ, அதில் பாதி அளவு அதிர்வு வரைக்கும்தான் பிடிபடும். மனிதக் காது அதிகபட்சம் 20,000 அதிர்வு வரை கேட்கும். அதனால்தான் 1982-ல் வந்த ஆடியோ சிடி நொடிக்கு 44,100 முறை அளந்தது.

பிட் என்பது அளக்கும் ஸ்கேலில் உள்ள கோடுகள். 8 பிட் என்றால் 256 கோடுகள். 16 பிட் என்றால் 65,536 கோடுகள். சென்டிமீட்டர் மட்டும் போட்ட ஸ்கேலில் பென்சில் முனையை அளக்க முடியுமா? மெல்லிய ஒலியெல்லாம் அங்கேதான் தொலையும்.

இதே காலத்தில் நம் சினிமாவும் வேறொரு பாதையில் இதே இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. 1978-ல் 'பிரியா' படம் வந்தது. சுஜாதாவின் கதை, ரஜினிகாந்த், இளையராஜா இசை. பெரும்பகுதி சிங்கப்பூரிலேயே எடுத்தார்கள். தமிழில் பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்த முதல் படம் அது. 1986-ல் 'புன்னகை மன்னன்' இசையில் இளையராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். 1992-ல் 'ரோஜா' வந்தது. அந்த ஒலி எப்படி நம் டீக்கடை ஸ்பீக்கர்களையே மாற்றியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்தது. 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடு வந்தது.

இந்த டி.டி.எஸ். ஒரு வேடிக்கையான ஏற்பாடு. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு உலகத்துக்கு வந்தது. ஃபிலிமில் நேரக் குறியீடு மட்டும்தான் இருக்கும். ஒலி முழுவதும் தனியாக சிடி-ராம் தட்டில் இருக்கும். ஃபிலிம் ஓட ஓட, அந்தக் குறியீட்டைப் படித்து ஒரு கருவி தட்டிலிருந்து ஒலியைக் கொடுக்கும். அதாவது தியேட்டரிலும் பாடியது ஒரு வகைக் கம்ப்யூட்டர்தான். அதைக் கேட்டுப் பழகியவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் அப்படிப் பாடவேண்டும் என்று ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

எங்கள் வீட்டிலும் அந்த ஆசை வந்தது. 1999-ல் சீட்டுப் பணத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினோம். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து ரிச்சி தெரு. காசினோ தியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். ஒரு பக்கம் ஒயரும் ஸ்பீக்கரும் மானிட்டரும் விற்கும் கடைகள். கொஞ்ச தூரத்தில் மீரான் சாகிப் தெரு, அது படப் பெட்டிகளை வியாபாரம் செய்யும் விநியோகஸ்தர்களின் தெரு. சினிமாவும் எலக்ட்ரானிக்ஸும் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்த இடம்.

கடைக்காரர் மூன்று விதமான கார்டுகளை எடுத்து வைத்தார். "பாட்டு கேக்கவா மேடம், கேம் ஆடவா, படம் பாக்கவா?" என்று கேட்டார். "பாட்டு கேக்க, படம் பாக்க" என்றேன். விலை குறைவான 16 பிட் கார்டைக் கொடுத்தார். நல்ல கார்டுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. "பதிவு பண்ணவா?" என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கார்டின் பின்னால் நீல வட்டம் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

எங்கள் அம்மா 1994-ல் தவறிப்போனார். அவருடைய குரல் ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது. 1985-ல் என் கல்யாணத்தில், நலங்கு வைக்கும்போது பாடியது. அம்மா மேடையேறிப் பாடியவர் அல்ல. அன்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் பாடினார். கூடவே சித்திகளின் கைதட்டல், வளையல் சத்தம், என் மாமியாரின் சிரிப்பு, பின்னால் ஒரு குழந்தையின் அழுகை. யாரும் அழித்துவிடக் கூடாது என்று அந்தக் கேசட்டின் முதுகில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டை அன்றே உடைத்து வைத்திருந்தேன். கேசட் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், அந்தத் துண்டு இல்லாவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது.

கம்ப்யூட்டர் வந்ததும் அதை உள்ளே ஏற்றிப் பத்திரப்படுத்த நினைத்தேன். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயரைக் கொண்டுபோய் மைக் ஓட்டையில் செருகினேன். பதிவு செய்யும்போது விண்டோஸ் மூன்று தரங்களைக் காட்டியது. டெலிபோன் தரம், ரேடியோ தரம், சிடி தரம்.

கணக்கு டீச்சர் அல்லவா, உடனே பென்சிலை எடுத்தேன். சிடி தரத்தில் ஒரு நிமிடத்துக்குப் பத்து எம்பிக்கு மேல். 60 நிமிடக் கேசட்டுக்கு ஏறக்குறைய 635 எம்பி. எங்கள் ஹார்டு டிஸ்க் மொத்தமே 4.3 ஜிபி. ஆறு கேசட் ஏற்றினால் நிரம்பிவிடும். டெலிபோன் தரத்தில் வெறும் 40 எம்பி. 'டெலிபோனில் பேசினால் யார் குரல் என்று நன்றாகத்தானே தெரிகிறது' என்று நினைத்தேன். டெலிபோன் தரத்தையே தேர்ந்தெடுத்தேன்.

டெலிபோன் தரம் என்றால் என்ன? நொடிக்கு 11,025 முறை அளவு, 8 பிட், ஒரே சேனல். மேலே நடத்திய பாடத்தின்படி, 5,500 அதிர்வுக்கு மேல் இருக்கும் எதுவும் உள்ளே வராது. வளையல் சத்தம் பெரும்பாலும் அதற்கு மேலேதான். 'ச' என்ற எழுத்தை ஒலிக்கும்போது வரும் சீற்றமும் அப்படித்தான். மைக் ஓட்டையில் செருகியது அடுத்த தவறு. மைக்கின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கிக் கொடுக்கத்தான் அந்த ஓட்டை. டேப் ரெக்கார்டர் கொடுப்பது அதைவிடப் பல மடங்கு பலமானது. அம்மா குரலை உயர்த்தும் இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது. அதற்கென்று இருந்ததுதான் அந்த நீல ஓட்டை, லைன்-இன்.

அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த சின்ன ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அம்மா பாடினார், அது போதும் என்று இருந்தது. சில மாதம் கழித்து, என் தம்பி மகன் சினிமாப் பாட்டுப் பதிய ஒரு கேசட் கேட்டான். 'அம்மா பாட்டுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே' என்று அதை எடுத்தேன். உடைத்த துண்டு இருந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி, நானே கொடுத்தேன். பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. (இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து வருத்தப்படாதேடா.) கொடுத்தவள் நான்.

சில வருடங்களுக்கு முன்பு என் மகன் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்தான். முதல் வேலையாக அம்மாவின் பாட்டைப் போட்டேன். பக்கத்தில் பேத்தியும் ஒரு காதில் வைத்துக் கேட்டாள். "பாட்டி, கொள்ளுப்பாட்டி ஏன் தந்தனம் தந்தனம்னு பாடறாங்க?" என்றாள். அது 'சந்தனம்'. எனக்கு அந்தப் பாட்டுத் தெரியும் என்பதால் இத்தனை வருடமும் என் காது அந்தச் 'ச'வைத் தானே சேர்த்துக் கேட்டிருக்கிறது. பேத்திக்கு அது இல்லை. வளையல் சத்தமும் இல்லை. எந்த விலை கொடுத்து எந்தக் கார்டு வாங்கினாலும் இனி அது வராது. உள்ளே போகாத ஒலி வெளியே எப்படி வரும்?

சவுண்ட் கார்டின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1997-ல் இன்டெல் நிறுவனம் ஏசி 97 என்ற முறையைக் கொண்டுவந்தது. சவுண்ட் கார்டு செய்த வேலையின் பெரும்பகுதியை மதர்போர்டில் ஒட்டிய ஒரு சின்னச் சிப்பும் பிராசசரும் பங்கு போட்டுக்கொண்டன. 2004-ல் அதைவிட மேலான முறை வந்தது. தைவானின் ரியல்டெக் போன்ற நிறுவனங்களின் சிப்கள் மதர்போர்டிலேயே வர ஆரம்பித்தன. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, விளையாட்டுகளின் ஒலியைக் கார்டு தனியாகக் கையாள இருந்த பழைய வழியும் மூடிவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில்தான் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் யாரும் சவுண்ட் கார்டு என்ற பெயரையே யோசித்திருக்க மாட்டார்கள். அது உள்ளே எங்கோ இருந்தது, பாடியது.

சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகள் 40 கோடிக்கு மேல் விற்றதாகக் கிரியேட்டிவ் நிறுவனம் சொல்கிறது. ஹார்மோனிகா வாசித்த சிம் வாங் ஹூ 2023 ஜனவரி 4 அன்று 67 வயதில் காலமானார். கம்ப்யூட்டருக்குக் காது வைத்த மனிதர் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது பதில்.

1. பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் தனிக் கார்டு வேண்டாம். மதர்போர்டில் இருப்பதே போதும். அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ போடு. வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

2. 'ர்ர்ர்' என்று இரைச்சல் வந்தால் முதலில் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல். அதற்குப் பிறகும் வந்தால், பெட்டிக்குள் செருகும் கார்டு வாங்காதே. யுஎஸ்பியில் வெளியே இணைக்கும் சின்னப் பெட்டி வாங்கு. கேபினெட்டுக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலிலிருந்து அது தள்ளி இருக்கும்.

3. கம்ப்யூட்டரை எச்டிஎம்ஐ ஒயரில் டிவிக்கு இணைத்துப் படம் பார்த்தால், ஒலி எண்களாகவே டிவிக்குப் போய்விடும். சவுண்ட் கார்டுக்கு அங்கே வேலையே இல்லை.

4. 5.1 ஸ்பீக்கர் வாங்கும் முன் ஹாலை அள. பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைக்க இடம் இல்லாமல் ஐந்தையும் டிவி பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு நல்ல இரண்டே மேல்.

5. 24 பிட், 192 என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்களைப் பார்த்து மயங்காதே. பாட்டுக் கேட்க சிடி தரமே தாராளம். உங்கள் அப்பா வயதில், என் வயதில், உயர்ந்த சுருதி கேட்கும் திறன் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

6. ஆனால் பழைய கேசட்டை ஏற்றுவதாக இருந்தால் யோசித்து வாங்கு. லைன்-இன் உள்ளதாக இருக்கவேண்டும். பெரும்பாலான லேப்டாப்பில் அது கிடையாது, லைன்-இன் உள்ள யுஎஸ்பி பெட்டி வாங்க வேண்டியிருக்கும். 44,100, 16 பிட், அதற்குக் கீழே போகாதே. டேப்பின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு ஆரம்பி. பதிவாகும்போது அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடக் கூடாது. இரண்டு இடத்தில் பிரதி வை. முடிந்ததும் கேசட்டைத் தூக்கிப் போடாதே. அதுதான் அசல்.

தம்பி, நீ கேட்டது அப்பா எதைக் கேட்கப் போகிறார் என்பதற்காக. வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் ஒன்று கேள். பரணில் பழைய கேசட் ஏதாவது இருக்கிறதா, அதில் யார் குரல் இருக்கிறது என்று. பாட்டு எங்கேயும் கிடைக்கும். அந்தக் குரல் அங்கே மட்டும்தான் இருக்கும்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். 1985-ல் என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நலங்கு நேரத்தில் யாராவது பதிவு செய்திருந்தால், அந்தக் கேசட் எந்த நிலையில் இருந்தாலும் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இந்த முறை நீல ஓட்டையில்தான் செருகுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்